வைக்கோல் போரும் நீலப் பீப்பாயும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. இன்று அங்கே கண்ணில் படுவது குச்சிக்கிழங்கு, காபி, மிளகு. இரண்டு தலைமுறைக்கு முன் இதே சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்தன; ஊடே அவரையும் துவரையும் நின்றன. அறுப்பு முடிந்ததும் சாமை வைக்கோலும் கேழ்வரகுத் தட்டும் போராகும், அவரைக் கொடி மாட்டின் முன் விழும். தீவனத்துக்கென்று யாரும் தனியே விதைத்ததில்லை. வீட்டாருக்குக் களியும் குழம்பும் தந்த வயலே மாட்டுக்கும் இரண்டு வகை உணவைக் கொடுத்தது.

பிறகு கிழங்கு காசானது. மலையடிவாரத்தில் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் பெருகின. 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. உரலில் சாமை குத்திக் கை காய்த்த பெண்களுக்கும் கிழங்கு நிம்மதிதான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதை வங்கி, அரைவை இயந்திரம் என்று முயன்று சிறுதானியத்தை ஓரளவு மீட்டது. ஆனாலும் கிழங்குக் காட்டில் வைக்கோல் ஏது?

இன்று அதற்கு ஒரு வழி ஊறுகாய்ப்புல், அதாவது சைலேஜ். மழைக்காலத்தில் மிஞ்சும் பசுந்தீவனத்தை நறுக்கி, 200 லிட்டர் பீப்பாயில் காற்றுப் புகாமல் மிதித்து மூடினால் 45 நாளில் புளித்துவிடும். கோடையில் திறந்து போடலாம். மலைப்பனியில் புல்லைக் காயவைக்கும் பாடும் இல்லை.

ஆனால் பீப்பாயில் எதை மூடுவது? சோளத்தட்டில் சர்க்கரை உண்டு, புரதம் குறைவு. தட்டைப்பயறு, வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தில் புரதம் உண்டு, சர்க்கரை குறைவு. எளிதில் புளிக்கவும் செய்யாது. பயறு மட்டும் மூடினால் அழுகி நாறும். அரிசியும் உளுந்தும் சேர்ந்தால்தான் இட்லி மாவு, இங்கும் அப்படித்தான். எழுபது பங்கு சோளம், முப்பது பங்கு பயறு கலந்து, 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லப்பாகை நீரில் கரைத்துத் தெளித்தால் புளிக்கவைக்கும் லாக்டிக் நுண்ணுயிரிகளுக்கு உடனே இரை கிடைக்கும். அந்த நுண்ணுயிரிகளையே கடையில் வாங்கித் தூவுவோரும் உண்டு. புளிப்பு ஏறி pH அளவு 4.2-க்குக் கீழே இறங்கினால் கெடுக்கும் கிருமிகள் ஓய்ந்துபோகும். வெறும் சோளத்துக்கு யூரியா சேர்ப்பார்கள். பயறு கலந்தால் அது வேண்டாம், புளிப்பைத்தான் தடுக்கும்.

ஈரம் மிகுந்தால் தீவனத்தை வெயிலில் வாட்டலாம். அதற்கு மழை விடாவிட்டால், ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த கிழங்குத் திப்பியைக் கலக்கலாம். சேகோ ஆலையில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கைதான் அது. சாமையை மலையிலிருந்து இறக்கிய கிழங்கு, வைக்கோல் போர் இருந்த இடத்தில் பீப்பாய்க்கு உதவ இப்படித் திரும்பி மலை ஏறலாம்.