பில் போட மறந்த பொருள்... நமக்கே சொந்தமா?

மாதச் சாமான் வாங்கி வந்து, சமையலறையில் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறீர்கள். பில்லைக் கையில் வைத்துச் சரிபார்க்கும்போதுதான் கண்ணில் படுகிறது... தள்ளுவண்டியின் அடித்தட்டில் இருந்த ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் பில்லில் இல்லை! நீங்கள் அதை மறைக்கவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண்ணும் கவனிக்கவில்லை.

"அவங்க தப்புதானே, நமக்கென்ன?" என்று வீட்டில் ஒரு குரல் எழும். "பாவம், போய்க் குடுத்துட்டு வந்துடுங்க" என்று இன்னொரு குரல். சட்டம் எந்தக் குரலின் பக்கம்?

இரண்டாவது குரலின் பக்கம்தான். கடைக்காரரின் மறதி எந்தப் பொருளையும் இலவசமாக்கிவிடாது. ஆனால், எல்லா மறதியும் ஒரே மாதிரியானதல்ல.

பில்லில் இல்லாத பொருள்

நாமே எடுத்துக்கொள்ளும் கடைகளில், அலமாரியிலிருந்து பொருளை எடுத்ததும் விற்பனை நடந்துவிடுவதில்லை. கவுன்ட்டரில் நாம் நீட்ட, அவர்கள் ஏற்றுக்கொள்ளும்போதுதான் ஒப்பந்தம் உருவாகிறது. 1953-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு மருந்துக்கடை வழக்கை வைத்து, நம் சட்ட மாணவர்களும் படிக்கிற பாடம் இது.

அப்படியென்றால், பில்லில் ஏறாத அந்த எண்ணெய் கேன் விற்கப்படவே இல்லை. உங்கள் வீட்டில் இருந்தாலும் அது கடையின் பொருள்தான். தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ திருப்பித் தர வேண்டும் என்கிறது, 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு. ஆன்லைனில் ஒரு குக்கர் கேட்டு இரண்டு வந்தாலும் இதே கதைதான்.

"எண்ணெயைப் பாதி செலவழிச்சாச்சே?" என்றால், அதன் மதிப்பைக் கொடுத்துவிட வேண்டியதுதான். இலவசமாகத் தரும் எண்ணம் இல்லாமல் ஒருவர் கொடுத்த பொருளின் பலனை அனுபவித்தவர், அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 70-வது பிரிவு.

பில் போட்டாச்சு, பணம்தான் வாங்கவில்லை!

கூட்ட நேரத்தில் பில்லைக் கையில் கொடுத்துவிட்டு, பணம் வாங்காமலே அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறார் கடைக்காரர். 'வீட்டில் வந்து பணம்' என்ற முறையில் வந்த பார்சலைக் கொடுத்துவிட்டு, பணம் கேட்காமலே கிளம்பிவிடுகிறார் டெலிவரி தம்பி. இங்கே விற்பனை முடிந்துவிட்டது, பொருள் உங்களுடையது. ஆனால், விலை கடனாக நிற்கிறது. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விலையைக் கொடுப்பது வாங்கியவரின் கடமை. கொடுக்க மறுத்தால், விற்றவர் வழக்குப் போட்டு வசூலிக்கலாம்.

எத்தனை நாளைக்குள்? தவணை எதுவும் பேசிக்கொள்ளாத விற்பனைக்கு, பொருளைக் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் என்கிறது 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து மீண்டும் 3 ஆண்டுகள்.

ஜிபே செய்தேன், பணம் திரும்பி வந்துவிட்டது

இன்று அதிகம் நடப்பது இதுதான். ஸ்கேன் செய்கிறோம். நம் கணக்கில் பணம் பிடித்துவிடுகிறது. கடைக்காரருக்குத் தகவல் வரவில்லை. தெரிந்த முகம் என்பதால் "பரவாயில்ல, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பொருளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

இப்படிப் பாதியில் நின்ற யுபிஐ பணம், 5 நாள்களுக்குள் வாடிக்கையாளர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2019-ல் ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. திரும்பி வரும் அந்தப் பணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. வந்திருந்தால், நீங்கள் கடைக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு வாரம் கழித்து வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், திரும்பியிருந்தால் மறுபடி செலுத்துவதும் நம் பொறுப்பு.

எப்போது குற்றமாகும்?

பாக்கி வைத்தாலே போலீஸ் வந்துவிடாது. மறதியால் நின்ற பணம் சிவில் கடன்தான். வேண்டுமென்றே பையில் ஒளித்து எடுத்துவந்தால் அது திருட்டு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. அடுத்தவர் பொருள் தெரியாமல் நம்மிடம் வந்தது குற்றமல்ல. தெரிந்த பிறகும், நேர்மையற்ற எண்ணத்துடன் அதை நமதாக்கிக்கொண்டால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவில் வரும் குற்றமாகலாம். தண்டனை 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். பில்லைச் சரிபார்த்து 'அட, இது இல்லையே' என்று தெரிந்துகொண்ட அந்த நிமிடத்துக்குப் பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

கடைக்கும் வரம்பு உண்டு

தவறு தன்னுடையது என்பதால் கடைக்காரர் பணம் கேட்கும் உரிமையை இழப்பதில்லை. அதற்காக வாடிக்கையாளரைத் தடுத்து நிறுத்துவதும், அறையில் உட்கார வைத்து மிரட்டுவதும் கூடாது. அவையே தனிக் குற்றங்கள். பணம் கேட்பவர் பில்லும் தர வேண்டும். பில் தராமலிருப்பது, 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. கடை மீது புகார் இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

* பில்லில் உள்ள எண்ணுக்கு அன்றே போன் செய்து சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வைத்தால், உங்கள் நேர்மைக்கு அதுவே சாட்சி.
* பணம் கொடுத்ததும் ரசீது கேட்டு வாங்குங்கள்.
* ஆன்லைனில் கூடுதலாக வந்த பொருளைப் பிரிக்காமல் வைத்து, நிறுவனத்தின் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்.
* டெலிவரி ஊழியரின் சொந்த எண்ணுக்குப் பணம் அனுப்பும் முன், நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இரவு கடை சாத்தும் நேரத்தில் கணக்கு உதைத்தால், முதல் கேள்வி முதலாளிக்கு அல்ல, கவுன்ட்டரில் நின்ற பெண்ணுக்குத்தான். அவரது கவனக்குறைவால் வந்த இழப்பைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அவரிடம் விளக்கம் கேட்ட பிறகே பிடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எல்லாக் கடையிலும் விளக்கம் கேட்கிறார்களா என்ன?

'பெரிய கடைதானே, இதுல என்ன குறைஞ்சிடப் போகுது' என்று நாம் நினைக்கிற அந்த எண்ணெய் கேனின் விலை, அவருடைய சம்பளத்தில் குறையலாம். ஒரு போன் செய்தால் அது தவிர்க்கப்படும்.