முத்திரையிட்ட உறையுள் ஒரு பெயர்

மணமாகாத தாயொருத்தி தான் பெற்ற மகவைத் தானே வளர்க்கிறாள். உணவும் உடையும் கல்வியும் அவள் உழைப்பினால் வருகின்றன. ஆயினும், "இக்குழந்தைக்குச் சட்டப்படி பாதுகாவலர் யார்?" என்று உலகம் வினவும்போது, "நானே" என்னும் அவள் விடை போதுமானதா? இவ்வினாவோடு இந்தியத் தாய் ஒருவர் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக டில்லி நீதிமன்றங்களின் வாயிலில் நிற்க நேர்ந்தது.

அவர் கற்றவர், உத்தியோகம் பார்ப்பவர், கிறிஸ்தவர். 2010ஆம் ஆண்டில் அவருக்கு மகன் பிறந்தான். தம் சேமிப்பும் காப்புறுதிப் பணமும் தமக்குப்பின் மகனையே சேரவேண்டும் என எழுதிவைக்க அவர் விரும்பினார். தந்தையின் பெயரைக் கூறவேண்டும். அன்றேல் பாதுகாவலர் என்பதற்கு நீதிமன்றப் பத்திரம் காட்டவேண்டும் என்றனர்.

அவர் இந்துவாக இருந்திருப்பின் இத்தொல்லை இராது. மணவுறவின்றிப் பிறந்த குழந்தைக்குத் தாயே முதற் பாதுகாவலர் என்பது இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டம். இலங்கையில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டமும் அத்தகைய பிள்ளைமீது தாய்க்கே உரிமை அளிக்கிறது. இவரோ 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின்கீழ் மனுச் செய்யவேண்டியதாயிற்று. பெற்றோருக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. குழந்தையிடம் ஒருநாளும் அக்கறை காட்டாத மனிதரை அழைத்தால், அவர் "என் பிள்ளையன்று" என்று மறுக்கலாம். அந்த வழக்காடலில் நொந்துபோவது மகனின் வாழ்வன்றோ? தாய் பெயரை வெளியிட மறுத்தார். 2011ஆம் ஆண்டில் கீழ் நீதிமன்றமும், பின்னர் டில்லி மேல் நீதிமன்றமும் மனுவைத் தள்ளிவிட்டன.

மணமில்லையெனினும் தந்தைக்கும் பிள்ளையின் நலனில் நாட்டம் இருக்கலாம் என்பது மேல் நீதிமன்றத்தின் நியாயம். அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அன்புள்ள தந்தையரும் உளர். ஆனால், 2015 ஜூலை 6ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் வேறோர் இடத்திலிருந்து நோக்கியது. தாயின் உரிமையோ தந்தையின் உரிமையோ அன்று, குழந்தையின் நலனே தலையாயது என்றது. அக்கறையற்ற தந்தைக்கு அறிவித்தல் வேண்டியதில்லை. பின்னர் அவர் அக்கறையோடு வந்தால் கட்டளையை மாற்றுமாறு கேட்கலாம் எனத் தீர்த்தது. தனித்த தாயொருத்தி சத்தியக் கடதாசி கொடுத்தால் குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் வழங்கவேண்டும் என்றும் பணித்தது.

அத்துடன் நீதியரசர்கள் அமைந்துவிடவில்லை. தன்னைப் பெற்றவர் யாரென அறிவது பிள்ளையின் உரிமை என்று தாயிடம் எடுத்துரைத்தனர். அவரும் அப்பெயரை அவர்களிடம் தெரிவித்தார். அது உறையில் இடப்பட்டு முத்திரை வைக்கப்பட்டது. நீதிமன்றம் கட்டளையிட்டாலன்றி அதனை எவரும் படிக்கலாகாது.

ஊரார் வாயிலிருந்து காக்கப்பட்ட அப்பெயர் மகனுக்காகவும் காக்கப்பட்டது. பெரியோரின் பிழையை எடைபோடுமுன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே நீதி. அது நீதிமன்றத்துக்கு மட்டுமன்றி நம் இல்லங்களுக்கும் பொருந்தும்.