அட்டைதான், ஆனால் ரத்தம் குடிக்காது

"மண்டபம் கரையில் மூட்டை மூட்டையாகக் கடல் அட்டை பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. காலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சுமே, அதன் கடல் வகையா இது?" என்று பரமக்குடி வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். இல்லை அம்மா, பெயரில் மட்டும்தான் உறவு. கடல் அட்டை நட்சத்திர மீனுக்குப் பங்காளி.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே போகிறவர்கள் பவளத்தையும் கடல் பசுவையும் தேடுவார்கள். எனக்கோ அடியில் கிடக்கும் இந்த அட்டைமேல்தான் பிரியம். மணலை விழுங்கி, அதில் ஒட்டிய அழுகல் துணுக்குகளைச் செரித்து, மிச்ச மணலை நாடா நாடாவாகப் பின்னால் விட்டுச் செல்லும். என் பாட்டி முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைப்பதைப் பார்த்திருக்கிறேன்; அதே நிதானம், அதே ஓயாத வேலை.

அது மூச்சு விடுவது ஆசனவாய் வழியாக. அங்கே நீரை இழுத்து, உடலுக்குள் மரம்போல் கிளைத்த குழாய்களில் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். சில இனங்களின் உள்ளே ஒல்லியான மீன் ஒன்று குடியிருக்கும். அட்டை மூச்சுக்காக ஆசனவாயைத் திறக்கும்வரை வாசலில் காத்திருந்து, வாலை முதலில் நுழைத்துப் பின்பக்கமாகவே உள்ளே போய்விடும். எதிரி நெருக்கினால் அட்டை தன் குடலையே வெளியே தள்ளிவிடும். பிறகு புதுக்குடல் வளர்ந்துகொள்ளும்.

இத்தனை சாமர்த்தியம் இருந்தும் மனிதனிடம் தப்ப வழியில்லை. ஓடத் தெரியாது, குனிந்து பொறுக்கிக்கொள்ளலாம். 2001இல் இந்தியாவில் பிடிக்கத் தடை வந்தது. எதிர்க்கரை இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம் என்பதால் கடத்தல் நிற்கவில்லை. சீனச் சந்தையில் நல்ல விலை.

"கொஞ்சம் மிச்சம் இருந்தால் தானாகப் பெருகிவிடுமே" என்று சிலர் சொல்வதுதான் எனக்கு வேதனை. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடுகின்றன. அவை நீரிலேயே சந்திக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால் சந்திப்பே நடக்காது. மீனவ நண்பர்களே, வலையில் தவறிச் சிக்கியதை அப்போதே கடலில் விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

வேகவைத்து உலர்த்தினால் அட்டையின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. செய்தியில் வரும் உலர்ந்த அட்டை ஒரு மூட்டை, கடலில் பத்து மூட்டைக்குமேல் இருந்தது.