பழைய இன்ஜினுக்கு ஏற்ற பட்டறை

பொள்ளாச்சியின் தென்னந்தோப்பு வீடுகளிலும், கோவை ரேஸ் கோர்ஸ் பகுதியின் பழைய பங்களாக்களிலும், குன்னூர், கோத்தகிரி எஸ்டேட்டுகளிலும், அம்பாசடர், பியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வில்லிஸ் ஜீப் முதலிய வாகனங்களை, அவற்றின் காலம் முடிந்துவிட்டது என்று உலகம் தீர்மானித்த பின்னரும், குடும்பத்தின் ஓர் அங்கமாகவே பேணி வருகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு என்றாவது ஒரு நாள் வந்தே தீரும் சோதனை ஒன்று உண்டு. புகைக்குழாய் நீலப் புகை தள்ளத் தொடங்குகிறது. ஆயில் குறைந்துகொண்டே போகிறது. கல்லாறு தாண்டி மலை ஏறும்போது வண்டி மூச்சு வாங்குகிறது. பழகிய மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்ஜின இறக்கி போர் போட்டாத்தானுங்க ஆகும்” என்று, அதாவது தேய்ந்த சிலிண்டர்த் துளையைக் கடைந்து அகலமாக்க வேண்டும் என்று, சொல்லிவிடுகிறார்.

அந்தக் கணத்திலிருந்து வாகனத்தின் எதிர்காலம் மெக்கானிக்கின் கையில் மட்டும் இல்லை என்பதைப் பலர் உணர்வதில்லை. இன்ஜினைப் பிரிப்பதும் பூட்டுவதும் மெக்கானிக்கின் காரியம். தேய்ந்த இரும்பை மீண்டும் சரியான அளவுக்குக் கொண்டுவருவதோ, போரிங் யந்திரமும் கிராங்க் கிரைண்டிங் யந்திரமும் வைத்திருக்கும் தனிப் பட்டறையின் காரியம். இருக்கைத் துணி பொருந்தாவிட்டால் மாற்றலாம். பெயிண்ட் பிடிக்காவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம். ஆனால் சிலிண்டர் பிளாக்கிலிருந்து ஒருமுறை சீவி எடுத்த இரும்பை எந்த நிபுணராலும் திரும்ப ஒட்டிவைக்க முடியாது. ஆகவே, பழைய காருக்குப் பட்டறை தேடுகிறவர் பிரதானமாகத் தேட வேண்டியது பெரிய யந்திரங்களை அல்ல. அளந்து பார்க்காமல் இரும்பில் கைவைக்காத மனிதரை.

இத்தகைய மனிதர்கள் கோயம்புத்தூரில் உருவானது தற்செயல் அன்று. 1888-இல் ஆங்கிலேயத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் நிறுவிய நூற்பாலையும், அதன் பின் வரிசையாக எழுந்த ஆலைகளும், யந்திரம் பழுதானால் உதிரிப் பாகம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்வரை காத்திருக்க இயலாத நிலையில், அந்தப் பாகத்தை உள்ளூரிலேயே செய்துகொள்ளும் வித்தையை இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்தன. 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்து ஆலைகளையும், பின்னர் கிணற்றடி மோட்டார்களையும் ஓட்டத் தொடங்கியது. வறண்ட நிலத்தில் ஆழக் கிணறு வெட்டிய கொங்கு விவசாயிக்கு பம்பு தேவைப்பட்டது. பம்புக்கு வார்ப்பிரும்பு தேவைப்பட்டது. வார்ப்பிரும்பைக் கடைய லேத் தேவைப்பட்டது. பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம், சிங்காநல்லூர் வீதிகளில் லேத் பட்டறைகள் பெருகியது இப்படித்தான்.

இந்த வரலாற்றின் நடுவே நிற்கிறவர் ஜி. டி. நாயுடு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய அவர், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற அந்த ஸ்தாபனத்தைப் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்த்தார். பஸ் ஓட்டுவதோடு அவர் நிற்கவில்லை. யந்திரத்தைப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளும் சிரத்தையை ஓர் ஊரின் குணமாகவே ஆக்கியதில் அவருடைய பங்கு பெரிது. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படும் மோட்டார், அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து முயன்றதன் பயனாக 1937-இல் இங்கே பிறந்தது. 1945-இல் அவருடைய முயற்சியால் தோன்றிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி பிற்காலத்தில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக மாறியபோதிலும், அவிநாசி சாலையில் ஒரு நிறுத்தம் இன்றும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கப்படுகிறது. அதே சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் மியூசியத்தில் பழைய கார்களைப் பார்த்து வியக்கிறவர்கள், இத்தகைய வாகனங்களை ஓட்டத்தில் வைத்திருந்த பெயர் தெரியாத கடைசல்காரர்களையும் சற்றே நினைத்துப்பார்ப்பது நியாயம்.

ஆயினும், லேத் இருக்கும் இடமெல்லாம் இன்ஜின் பட்டறை ஆகிவிடாது. பம்பு உறையைக் கடைவதற்குப் போதுமான நுட்பம் சிலிண்டருக்குப் போதாது. நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் லாரி டீசல் இன்ஜின்களிலேயே தேர்ந்த கைக்கும், சிறிய பெட்ரோல் இன்ஜின் வேறொரு நிதானத்தைக் கோரும். இங்கே பேசப்படும் அளவு ‘தவ்’, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் 0.0254. அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினில் புதுச் சிலிண்டரின் விட்டம் 73.025 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது சிலிண்டர் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்மானம் மிகுதியாகவும், அடியில் குறைவாகவும், பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கத்தில் மேலும் அதிகமாகவும் இருப்பதால், வட்டமாயிருந்த துளை நாளடைவில் மேலே அகன்று, நீள்வட்டமாகிவிடுகிறது. எனவே நல்ல பட்டறைக்காரர் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, அடி என மூன்று இடங்களில், குறுக்கிலும் நெடுக்கிலும் போர் கேஜ் விட்டு அளந்து, எழுதிக்கொண்ட பிறகே எத்தனை தவ் போர் போடுவது என்று தீர்மானிக்கிறார். பிளாக்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ‘நாற்பது போட்டுடலாம்’ என்று சொல்கிறவரிடமிருந்து மரியாதையாக விடைபெற்றுக்கொள்வதே உத்தமம்.

போர் போடும் அளவுகள் வழக்கமாகப் பத்து, இருபது, முப்பது, நாற்பது தவ் என்ற படிகளில் செல்கின்றன. இருபதில் சுத்தமாகும் சிலிண்டரை நாற்பதுக்குக் கொண்டுபோவது, அடுத்த தலைமுறை உபயோகிக்க வேண்டிய இரும்பை இன்றே வீணாக்குவதாகும். கடைசி அளவும் தாண்டிவிட்டால், ஸ்லீவ் என்னும் புது உள்ளுறையை இறக்கி மீண்டும் ஸ்டாண்டர்டு அளவுக்குக் கொண்டுவரும் வழி இருக்கிறது. அதனால் நம்பிக்கையை இழக்க வேண்டியதில்லை.

இதில் அனுபவமுள்ளவர்கள் மீறாத நியதி ஒன்று உண்டு: “பிஸ்டனக் கொண்டாங்க, அப்புறம் பிளாக்குல கை வெக்கலாமுங்க.” ஆளைப் பார்க்காமல் சட்டைத் துணியை வெட்டும் தையற்காரர் எப்படி இல்லையோ, அப்படியே பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளக்காமல் சிலிண்டரைக் கடையும் நல்ல பட்டறைக்காரரும் இல்லை. பெட்டியில் அச்சிட்ட அளவுக்கும் உள்ளிருக்கும் பிஸ்டனின் உண்மையான அளவுக்கும் வேறுபாடு நேரலாம். மேலும், உற்பத்தி நின்றுபோன கார்களுக்கு நாம் விரும்பும் ஓவர் சைஸ் பிஸ்டன் கிடைக்காமலும் போகலாம். அம்பாசடர் உற்பத்தி உத்தர்பாராவில் 2014-இல் நின்றது. ஹெரால்டு அதற்கு வெகுகாலம் முன்னரே போய்விட்டது. ஆதலால், முதலில் பழைய உதிரிப் பாகக் கடைகளில் பிஸ்டன் செட்டும் ரிங் செட்டும் பேரிங்கும் தேடிச் சேகரித்து, அவை கைக்கு வந்த பின்னரே யந்திர வேலைக்குச் சம்மதிக்க வேண்டும்.

கிராங்க் ஷாஃப்ட் மற்றொரு சூட்சுமமான இடம். பேரிங் அமரும் ஜர்னல்களைக் குறைந்த அளவுக்கு கிரைண்ட் செய்யும்போது, ஜர்னலும் பக்கச் சுவரும் சந்திக்கும் மூலையில் இருக்கும் மென்மையான வளைவை அப்படியே காப்பாற்ற வேண்டும். அந்த வளைவைக் கூர்மையான மூலையாக்கிவிட்டால், ஓட்டத்தின் அழுத்தம் முழுவதும் அங்கே குவிந்து, வெளிக்குத் தெரியாத வெடிப்பு தோன்றி, ஒரு நாள் கிராங்க் இரண்டாக முறிந்துபோகும். கிரைண்டிங் முடிந்ததும் ஆயில் துவாரங்களின் விளிம்பைச் சீராக்கி, உள்வழிகளைத் தூள் தங்காமல் கழுவுவதும் அத்தியாவசியம். கழுவாத ஒரு சிட்டிகை இரும்புத்தூள், செய்த வேலை அனைத்தையும் நாசமாக்கப் போதும்.

சிலிண்டர் ஹெட் விஷயத்தில் நம் காலத்துக்கே உரிய பிரச்சினை ஒன்று உண்டு. முன்னாளைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம், எரிவதைச் சீராக்கியதோடு, வால்வு சீட்டின் மீது படிந்து அதைத் தேய்மானத்திலிருந்தும் பாதுகாத்து வந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. மக்களின் ஆரோக்கியத்துக்கு அது பெரும் நன்மை. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வுகள் சீட்டைச் சிறிது சிறிதாக உள்வாங்கச் செய்துவிடுவதால், ஹெட் பட்டறைக்குப் போகும்போதே கடினமான உலோகத்தில் தனி வால்வு சீட் பதித்துக்கொள்வது விவேகம். ஹெட் வளைந்திருந்தால் ஃபேசிங் செய்ய வேண்டும். அதையும் அவசியமான அளவுக்குமேல் சீவக் கூடாது.

ஆகவே, பட்டறையைத் தேடிச் செல்கிறவர் சில கேள்விகளோடு செல்ல வேண்டும். பிளாக்கை நன்றாகக் கழுவி, வெடிப்பு இருக்கிறதா என்று பரிசோதித்த பிறகுதான் வேலை தொடங்குவீர்களா? அளவுகளை எழுதித் தருவீர்களா? போர் போட்ட பின் ஆயில் தங்குவதற்கு வேண்டிய குறுக்குக் கோடுகள் விழும்படி ஹோனிங் செய்வீர்களா? இந்தக் கேள்விகளால் நல்ல தொழிலாளி கோபம் கொள்ளமாட்டார். தன் வேலையை மதிக்கும் ஒருவர் வந்திருக்கிறார் என்று மகிழ்வார். பதிலுக்கு நாமும் அவருக்குப் போதிய அவகாசமும், பேரம் பேசிக் குறைக்காத கூலியும் தர வேண்டும். நாளைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவருக்கு நாளைக்கே கெடும் வேலைதான் கிடைக்கும்.

புதிய கார்களின் இன்ஜின்களைத் திறந்து போர் போடும் தேவை குறைந்துகொண்டே வருவதால், இந்தக் கலையை இளைஞர்கள் கற்க முன்வருவதும் குறைகிறது. பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் வேலை கொடுத்தால்தான் பட்டறை நிலைக்கும். பட்டறை நிலைத்தால்தான் வண்டி ஓடும். எனவே வேலை முடிந்ததும், எந்தச் சிலிண்டர் எத்தனை தவ், எந்த ஜர்னல் எந்த அளவு, எந்த பேரிங் என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரப்படுத்துங்கள். இன்னும் பல ஆண்டுகள் கழித்து அந்த இன்ஜினைத் திறக்கப்போகும் வேறொரு தொழிலாளி, எவ்வளவு இரும்பு மீதம் இருக்கிறது என்பதை அந்தத் தாளிலிருந்தே அறிந்துகொள்வார்.