குளிர்சாதனப் பெட்டியிலுள்ள எரியும் வாயு

திருகோணமலை மாவட்டத்திற் குளிர்சாதனப் பெட்டி இன்று பட்டினத்து வீடுகளுக்கு மாத்திரம் உரிய பொருளன்று. கந்தளாய், தம்பலகாமம், மூதூர், கிண்ணியா, குச்சவெளி முதலிய இடங்களிலுள்ள கமக்காரர் வீடுகளிலும் அது காணப்படுகின்றது. பாலும் தயிரும், விற்று மிஞ்சிய மரக்கறியும், அடுத்த போகத்துக்கென எடுத்துவைத்த மிளகாய் விதையும் அதனுள் இருக்கும். ஆனால் அப்பெட்டியின் குழாய்களுள் ஓடுவது யாது என்று கேட்பவர் மிகச் சிலரே. அண்மைக் காலத்தில் விற்பனைக்கு வந்துள்ள வீட்டுப் பெட்டிகள் மிகப் பலவற்றில் ஓடுவது ஐசோபியூட்டேன் என்னும் வாயு. அது தீப்பற்றி எரியும் இயல்புடையது.

எரியும் வாயுவை வீட்டினுள் ஏன் கொண்டுவந்தார்கள் என்ற வினா எழுதல் இயல்பே. முன்னர்ப் பயன்பட்ட ஆர்-12 என்னும் வாயு எரிவதில்லை. ஆயினும் அது வானத்திலுள்ள ஓசோன் படையை அழித்தது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை அதனை விலக்க வழி செய்தது. இலங்கை 1989இல் அவ்வுடன்படிக்கையிற் சேர்ந்தது. பின்னர் வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாவிடினும், பூமியை வெப்பமாக்குவதில் அதன் ஒரு கிலோகிராம் ஆயிரத்து முந்நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டுக்குச் சமமானது. ஐசோபியூட்டேனுக்கு அக்கணக்கு சில கிலோகிராமுக்கு மேற்படாது. 1993ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் இவ்வாயு கொண்ட பெட்டிகள் சந்தைக்கு வந்து, பின்னர் உலகெங்கும் பரவின. மின்சாரச் செலவையும் இது குறைக்கின்றது. ஆகவே இதனை வெறுத்தல் வேண்டியதில்லை. இதன் குணத்தை அறிந்து பழகுதலே வேண்டுவது.

இவ்வாயு நிறமற்றது. சாதாரண அமுக்கத்திற் பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 12 பாகை சதம அளவையிற் கொதிக்கும். காற்றிலும் இரு மடங்கு பாரமானது. இப்பாரமே முதலிற் கவனிக்க வேண்டிய குணம். வாய்க்கால் உடைந்தால் நீர் பள்ளமான வயலைத் தேடி ஓடித் தேங்குவதுபோல, கசிந்த வாயுவும் தரையோடு பரவித் தாழ்ந்த மூலையிலே தங்கும். கூரைக்கு அருகிலுள்ள சிறு சாளரம் அதனை வெளியேற்றப் போதாது. தரைமட்டம் வரையுள்ள கதவைத் திறத்தல் வேண்டும். நிலத்தில் வைத்த நுளம்புச் சுருளும் மண்ணெண்ணெய் விளக்கும் ஆபத்தானவை என்பதற்கும் காரணம் இதுவே.

காற்றில் நூற்றுக்கு 1.8 பங்கு முதல் 8.4 பங்கு வரை இவ்வாயு கலந்திருந்தால் ஒரு தீப்பொறியே அதனைப் பற்றவைக்கும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் பற்றாது. வீட்டுப் பெட்டிக்குச் சர்வதேச நியமம் வகுத்த எல்லை 150 கிராம். பல பெட்டிகளில் இருப்பது அதனிலும் மிகக் குறைவு. சிறிதுதானே என்று எண்ணுவோர் இக்கணக்கைப் பார்க்கவும். 10 கிராம் ஐசோபியூட்டேன் நமது வெப்பநிலையில் ஏறக்குறைய 4¼ லீற்றர் வாயுவாகும். அது 200 லீற்றர்ப் பெட்டியினுள்ளே கசிந்து அடைபட்டால், நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற்படுகின்றது. அதாவது, ஒரு மேசைக்கரண்டித் திரவமளவே பெட்டி முழுவதையும் எரியும் கலவையாக்கப் போதுமானது. அதே அளவு காற்றோட்டமுள்ள பெரிய அறையில் விரைவில் ஐதாகிவிடும். கடைகளிலுள்ள ஐஸ்கிறீம் பெட்டிகளில் இதன் இனமான புரொப்பேன் பயன்படுவதுண்டு. அத்தகைய வணிகப் பெட்டிகளுக்கான எல்லை 2019இல் ஏறக்குறைய 500 கிராம் வரை உயர்த்தப்பட்டது.

மணம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. சமையல் வாயு கசிந்தால் மூக்கு அறிவிக்கும். ஏனெனில் அதில் மேக்கப்டன் என்னும் நாற்றப்பொருள் வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றது. குளிர்சாதன வாயுவில் அது சேர்க்கப்படுவதில்லை. இதனால் விளைந்த கேட்டுக்கு நியூசிலாந்திலே தமஹேரே என்னுமிடத்திலிருந்த உணவுக் குளிர்க்களஞ்சியம் சான்றாகும். அங்கே புரொப்பேன் சார்ந்த மணமற்ற வாயு, பல நூறு கிலோகிராம் அளவில், குளிரூட்டப் பயன்பட்டது. 2008 ஏப்பிரல் 5ஆந் திகதி எச்சரிக்கை மணி கேட்டுச் சென்ற தீயணைப்புப் படையினர், உள்ளே எரிவாயு இருப்பதை அறியாது புகுந்தனர். வெடிப்பில் ஒருவர் இறந்தார், எழுவர் காயமடைந்தனர். மரக்கறிக்கெனக் குளிர்க்களஞ்சியம் அமைக்க எண்ணும் சங்கங்கள், எவ்வாயு பயன்படுகின்றதென்பதை வாசலிலே பெரிதாக எழுதி வைத்தல் வேண்டும். வாயு உணர்கருவியும் பொருத்துதல் வேண்டும்.

ஐசோபியூட்டேனும் சமையல் வாயுவும் ஓரினம் என்பதைக் கேள்வியுற்ற சிலர், குளிர் குறைந்த பெட்டிக்குச் சமையல் சிலிண்டரிலிருந்து வாயு ஏற்றுவிக்கத் துணிகின்றனர். இது முற்றாகக் கைவிடத்தக்கது. சமையல் வாயு என்பது புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. 30 பாகை வெப்பத்தில் ஐசோபியூட்டேனின் அமுக்கம் வளிமண்டலத்தைப் போல் நான்கு மடங்காயின், புரொப்பேனுடையது பத்து மடங்குக்கு மேல். கலவையின் விகிதம் மாறினால் நேர்வதை 2021ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாடு கண்டது. பல மாவட்டங்களில் அடுப்புகளும் குழாய்களும் வெடித்தன. ஆராய அமைக்கப்பட்ட குழு, அவ்விகிதம் மாற்றப்பட்டமையையே முதன்மைக் காரணமாகக் காட்டியது. அடுப்புக்கே பொருந்தாத மாற்றம் குளிர்சாதனப் பெட்டிக்கு எவ்வாறு பொருந்தும்? மேலும், எரியாத வாயுவுக்கெனச் செய்யப்பட்ட பழைய பெட்டியின் வெப்பச் சீராக்கியும் கதவு ஆளியும் இயங்குந்தோறும் சிறு பொறி எழுப்பக்கூடும். அப்பெட்டியில் எரிவாயுவை ஏற்றுதல் வைக்கோற் போரருகே தீக்குச்சி உரசுவதற்கு ஒப்பானது.

அமுக்கியின் மேலோ பெட்டியின் பின்புறத்திலோ ஒட்டியுள்ள சிட்டையில் ஆர்-600ஏ என்ற குறியும் மஞ்சள் முக்கோணத்துள் தீச்சுவாலைப் படமும் இருப்பின், அது ஐசோபியூட்டேன் பெட்டி. அதன் உறைபகுதியில் இறுகிய பனிக்கட்டியைக் கத்தியாற் கொத்துதல் கூடாது. மெல்லிய அலுமினியக் குழாய் துளைபடுவது பெரும்பாலும் இவ்வாறே. மின்னை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால் பனிக்கட்டி தானே உருகும். நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று குழாய்களை அரிப்பதால், பின்புறத்தை அடிக்கடி துடைத்து, பச்சைக் களிம்போ எண்ணெய்க் கசிவோ உண்டாவெனப் பார்க்கவும். நெல் மூடை அடுக்கிய அடைத்த அறையிற் பெட்டியை வைத்தல் நன்றன்று. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கவும்.

குழாய் உடைந்து சீறும் ஒலி கேட்டால், விளக்கையும் சுவாலையையும் அணைத்துக் கதவுகளைத் திறந்து அனைவரும் வெளியேறுதல் வேண்டும். அவ்வறையின் மின் ஆளியைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சொருகியைப் பிடுங்கவும் கூடாது. அறைக்கு வெளியே பிரதான ஆளி இருந்தால் அதனை நிறுத்தலாம். திரவம் தோலிற் பட்டால் உறைபுண் உண்டாகும். தேய்க்காது, இளஞ்சூட்டு நீரால் நனைத்து, வைத்தியரிடம் செல்லவும். மயக்கமுற்றவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 1990 என்னும் இலக்கத்துக்கு அறிவிக்கவும். திருத்துபவர் குழாயைத் தீயாற் சூடாக்கி ஒட்டும் முன், உள்ளிருந்த வாயுவை வெளியேற்றி நைதரசனாற் கழுவினாரா என்று கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

பனிக்கட்டித் தொழிற்சாலைகளிற் பொதுவாகப் பயன்படும் அமோனியா வேறு இயல்பினது. அது காற்றிலும் இலேசானது. நூற்றுக்கு 15 பங்குக்கு மேற் கலந்தாலே எரியும். ஆனால் கண்ணையும் சுவாசப்பையையும் தாக்கும் நஞ்சு. யூரியாப் பசளையும் மாட்டுத் தொழுவமும் பழகிய மூக்குக்கு அதன் நெடி உடனே தெரியும். கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் மரக்கறிக்குப் பனிக்கட்டி ஏற்றச் செல்வோர் அந்நெடியை உணர்ந்தால், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லவும்.

பழுதடைந்த பெட்டியை எலி புகாத விதைப்பெட்டியாக வைத்துக்கொள்வோர் உளர். யோசனை நல்லதே. ஆயினும் முதலிற் பயிற்சி பெற்ற ஒருவரைக்கொண்டு மீதி வாயுவை வெளியேற்றுதல் வேண்டும். அடுத்து, கதவின் பூட்டையும் இறப்பர் விளிம்பையும் கழற்றி, சாதாரண கொக்கி பொருத்துக. விளையாடும் குழந்தை உள்ளே புகுந்து மூச்சடைத்து இறக்க இடமிருத்தல் ஆகாது. பழைய இரும்புக்கு விற்பதாயினும், வாங்குபவரிடம் அது எரிவாயுப் பெட்டி என்பதைச் சொல்லி, சிட்டையைக் காட்டி விற்கவும்.