ஒழுக்கக் கோவையும் மீளளிக்கப்படாத கட்டணமும்

கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் மாத்தளை நகரிலும் இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ போன்ற தோட்டப்புறப் பகுதிகளிலும் துண்டுப்பிரசுரங்கள் பெருகுவது வழமை. கணினிக் கற்கை, ஆங்கில டிப்ளோமா, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி, இறையியல் கற்கை என அவை பலவகைப்படும். அவற்றுள் கிறிஸ்தவத் திருச்சபைகளும் அவை சார்ந்த அமைப்புகளும் வளாகத்துக்கு வெளியே நடத்தும் கற்கைத் திட்டங்களும் அடங்கும். தலைமைக் கல்லூரி ஓரிடத்தில் இருக்க, வகுப்புகள் வேறொரு நகரின் மண்டபத்திலோ விடுதியிலோ நடைபெறும். சேரும் மாணவர் இரு ஆவணங்களில் கையொப்பமிடுகின்றார். ஒன்று ஒழுக்கக் கோவை. மற்றையது கட்டண உடன்படிக்கை. இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு தொடுகின்றன என்பதை அறியாமலேயே பலர் கையொப்பமிடுகின்றனர் என்பதே இக்கட்டுரைக்குக் காரணமாகும்.

மாத்தளை மாவட்டத் தமிழ் மாணவரின் நிலையை முதலில் நோக்குவது பொருத்தமானது. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் ஒதுக்கப்படும் முறை நீண்ட காலமாக நடைமுறையில் இருந்து வந்துள்ளது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி உள்ளிட்ட 16 மாவட்டங்கள் பின்தங்கியவையாகக் கொள்ளப்பட்டன. மாத்தளை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. எனவே, நுவரெலியாத் தோட்டமொன்றின் மாணவருக்குக் கிடைத்த சலுகை கம்மடுவத் தோட்டத்து மாணவருக்குக் கிடைக்கவில்லை. அவர் நகரப் பாடசாலை மாணவருடனேயே மாவட்ட ஒதுக்கீட்டுக்குப் போட்டியிட வேண்டியவரானார். வாயில் இவ்வாறு ஒடுங்கும்போது கட்டணக் கல்வியின் பக்கம் திரும்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி அதிகமில்லை.

கிறிஸ்தவ நிறுவனங்கள் இத்துறைக்குப் புதியவையல்ல. பெருந்தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றுவதற்கென 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் 1854 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இயக்கம், மலையகத்தில் எழுத்தறிவு பரவுவதற்குத் துணை நின்றது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் நிறுவி 1855 வரை நடத்திய வட்டுக்கோட்டை செமினரி ஈழத்து நவீன கல்வியின் முன்னோடிகளுள் ஒன்று. அங்கும் ஒழுக்க விதிகள் இருந்தன. வழிபாட்டில் கலந்துகொள்வது எதிர்பார்க்கப்பட்டது. ஆயினும் அதன் தொடக்க காலத்தில் உணவும் உறையுளும் இலவசமாகவே வழங்கப்பட்டன. விதியை மீறி விலக்கப்பட்ட மாணவன் இடத்தை இழந்தான். அவனது பெற்றோர் கடனாளியாகவில்லை. இன்றைய மாணவர் விலக்கப்படின் இடத்தோடு பணத்தையும் இழக்கின்றார். பழைய ஒழுக்க விதி புதிய கட்டண முறையுடன் சேர்ந்தபோது அதன் தன்மையே மாறிவிட்டது.

1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் அரசின் கைக்குச் சென்றன. அதன்பின் திருச்சபைகளின் கல்விப்பணி இறையியல், தொழிற்பயிற்சி, மொழிக்கல்வி போன்ற துறைகளில் கூடுதலாகக் கவனம் செலுத்தியது. 1963 இல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி நிறுவப்பட்டது. அதே ஆண்டு குவாத்தமாலா நாட்டின் பிரஸ்பிற்றேரியன் இறையியல் கல்லூரியொன்று, மாணவரைக் கல்லூரிக்கு அழைப்பதற்குப் பதிலாகக் கல்லூரியை மாணவரின் ஊருக்கு அனுப்பும் முறையை ஆரம்பித்தது. பாடநூலை வீட்டிலிருந்தே பயின்று, குறித்த நாட்களில் அண்மையிலுள்ள நிலையமொன்றில் ஆசிரியரைச் சந்திக்கும் இம்முறை உலகெங்கும் பரவியது. 1971 இல் பெங்களூரில் இதற்கெனத் தனி அமைப்பே உருவானது. வேலையை விட்டுவிட முடியாத ஏழைக்கு இம்முறை பெரும் வாய்ப்பு என்பதில் ஐயமில்லை.

மற்றொரு வகை, மாணவர் தமது கல்லூரியை விட்டு ஒரு பருவகாலம் வேறிடத்தில் தங்கிப் பயில்வதாகும். அமெரிக்கக் கிறிஸ்தவக் கல்லூரிகளின் மன்றம் 1976 முதல் வாஷிங்டனில் நடத்திய கற்கைத் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. இத்தகைய திட்டங்களில் சேருவோரிடம் மதுபானம், போதைப்பொருள், பாலியல் நடத்தை, குழு வாழ்வு ஆகியவை குறித்த வாக்குறுதி பெறப்படுவது பொதுவான வழக்கம். வாக்குறுதியை மீறி விலக்கப்படுபவர் கட்டணத்தை மீளப்பெற முடியாது என்பதும், வீடு திரும்பும் செலவைத் தாமே ஏற்க வேண்டும் என்பதும் நிபந்தனைகளாகச் சேர்க்கப்படுவதுண்டு. நம் நாட்டு விண்ணப்பப் படிவங்களிலும் இதையொத்த வாசகங்கள் இடம்பெறக் காணலாம்.

ஒழுக்க விதிகளே வேண்டாம் என எவரும் வாதிட முடியாது. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதையினால் உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை. அடுத்த ஆண்டு நிறைவேறிய 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் கல்வி நிறுவனங்களில் இடம்பெறும் வன்முறைகளைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தொலைவிலிருந்து வந்து விடுதியில் தங்கும் மாணவியின் பாதுகாப்புக்கு நிறுவனமே பொறுப்பு. அப்பொறுப்பை விதிகளின்றி நிறைவேற்ற இயலாது.

எனினும் எல்லா விதிகளும் ஒரே தன்மையன அல்ல. பகிடிவதை, பாலியல் தொந்தரவு, போதைப்பொருள், வன்முறை ஆகியவை பிறரின் பாதுகாப்பைத் தொடுவன. பரீட்சை மோசடி, பிறர் ஆக்கத்தைத் தமதென ஒப்படைத்தல் ஆகியவை கல்வியின் நேர்மையைத் தொடுவன. இவ்விரு வகைகளிலும் கடுமை அவசியம். உடை, வழிபாட்டுக்குச் சமுகமளித்தல், நட்பு, விடுமுறை நாளில் செல்லுமிடம் ஆகியவை மூன்றாவது வகை. மத நிறுவனமொன்று தன் நம்பிக்கைக்கேற்ற வாழ்வை மாணவரிடம் எதிர்பார்ப்பது தவறெனச் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த எதிர்பார்ப்பு பணம் பெறுவதற்கு முன்னர் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். குறிப்பாக, முத்துமாரியம்மன் திருவிழாவுக்குத் தேர் வடம் பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை ஆங்கிலம் கற்கவென்று சேரும்போது, காலை ஆராதனை கட்டாயமா என்பதை முதல் நாளே அறிந்திருப்பது அவரது உரிமை.

மதச் சுதந்திரத்தை அரசியலமைப்பு உறுதிப்படுத்துகின்றதே எனச் சிலர் கேட்கலாம். அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும் வழங்குகின்றது. ஆயினும் அடிப்படை உரிமை மீறல் வழக்கு நிறைவேற்றுத்துறை அல்லது நிருவாகத்துறையின் செயலுக்கு எதிராகவே உயர் நீதிமன்றில் தொடரப்படலாம். தனியார் நிறுவனத்துக்கும் மாணவருக்கும் இடையிலானது முதன்மையாக ஒப்பந்த உறவேயாகும். ஆகவே மாணவர் எதில் கையொப்பமிட்டார் என்பதே முதற் கேள்வியாக அமைகின்றது. 1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முழுவயது 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டமையால், உயர்தரம் முடித்த பலர் தாமே தம்மைப் பிணைக்கும் ஒப்பந்தத்தைச் செய்யக்கூடியவர்கள். தமிழ் மொழியில் பயின்று வந்த 19 வயதுப் பிள்ளை, ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடப்பட்ட நான்கு பக்கப் படிவத்தில் கையொப்பமிடும்போது நிகழ்வது இதுவே.

பணத்தின் அளவை ஓர் உதாரணக் கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். பத்து மாதக் கற்கையொன்றுக்குப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபா, கற்கைக் கட்டணம் 80,000 ரூபா, விடுதிக் கட்டணம் 40,000 ரூபா என வைத்துக்கொள்வோம். மொத்தம் 140,000 ரூபா முன்கூட்டியே செலுத்தப்படுகின்றது. பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் மேலும் உயர்வு முன்மொழியப்பட்டது. 2024 ஆம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அத்தொகை 103 நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பாகும். அதுவும் அச்சம்பளத்தில் ஒரு சதமேனும் உணவுக்குச் செலவிடப்படாதிருந்தால் மட்டுமே. கையில் அவ்வளவு பணமில்லாத குடும்பம் தாலிக்கொடியை அடகு வைக்கின்றது.

மூன்று மாதங்கள் முடிந்த நிலையில் அந்த மாணவர் விடுதிக்குத் தாமதமாகத் திரும்பியதற்காக விலக்கப்படுகின்றார் எனக் கொள்வோம். 'செலுத்திய பணம் எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படமாட்டாது' என்ற வாசகத்தின்படி 140,000 ரூபாவும் போயிற்று. ஏழு மாதங்களுக்கு அவர் உண்ணாத உணவுக்கும் உறங்காத கட்டிலுக்கும் உரிய 28,000 ரூபாவும் அதில் அடக்கம். கற்கை ஐந்து மாதங்கள் கொண்ட இரு பருவங்களாயின், தொடங்கவே தொடங்காத இரண்டாம் பருவத்துக்குரிய 40,000 ரூபாவும் அதில் அடக்கம். பதிவுக் கட்டணத்தையும் முதற் பருவக் கட்டணத்தையும் நிறுவனம் வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கலாம். விரிவுரையாளரை அது முன்கூட்டியே ஒழுங்கு செய்துள்ளது. ஆனால் மீதி 68,000 ரூபாவை எந்தச் செலவுக்கு ஈடாக வைத்துக்கொள்கின்றது? ஒழுக்கமீறலுக்குரிய தண்டனை விலக்கலே. அதன்மேல் விதிக்கப்படும் இப்பண இழப்பு, எந்த விதியிலும் தண்டமெனப் பெயரிடப்படாத தண்டமாகும். விலக்குவோருக்கே பணமும் சேரும் என்ற நிலை, நேர்மையான நிர்வாகிகளின் மீதும் ஐயத்தைத் தோற்றுவிக்கும் என்பதை நிறுவனங்கள் உணர வேண்டும்.

இனி, யாருடைய தவறுமின்றிக் கற்கை தடைப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல், 2020 இன் கொவிட் முடக்கம், 2022 இன் எரிபொருள் நெருக்கடி, மாத்தளையையும் மண்சரிவுகளால் வருத்திய 2025 நவம்பரின் டித்வா புயல் ஆகியவற்றை நாம் அடுத்தடுத்துக் கண்டுள்ளோம். நிறுவனமே மூடப்படும் நிலையும் ஏற்படலாம். மாலபேயில் இயங்கிய தனியார் மருத்துவக் கல்லூரியை இல்லாதொழிக்க 2017 இல் அரசு தீர்மானித்தபோது, பெருந்தொகை செலுத்திய மாணவரின் எதிர்காலம் நெடுநாள் கேள்விக்குறியாக நின்றமை நினைவிருக்கும். அம்மாணவருக்குக் குரல் கொடுக்க அமைப்புகள் இருந்தன. சிறு நகரின் வாடகை மண்டபத்தில் நடைபெறும் கற்கை நிறுத்தப்பட்டால் குரல் கொடுக்க யாருமில்லை.

வேறு நாடுகள் இதற்கு எழுத்திலான விதிகளை வகுத்துள்ளன. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் வெளியிட்ட அறிவித்தலின்படி, அனுமதியின் இறுதித் திகதிக்கு 15 நாட்களுக்கு முன்னரே விலகுபவருக்கு, சிறுதொகையான நிர்வாகச் செலவு நீங்கலாக முழுக் கட்டணமும் உரியது. அதன்பின் 90, 80, 50 சதவீதம் எனப் படிப்படியாகக் குறைந்து, இறுதித் திகதி கடந்து 30 நாட்களின் பின்னர் மீளளிப்பு இல்லையென்றாகின்றது. மாணவரின் மூலச் சான்றிதழ்களைத் தடுத்து வைப்பதையும் அவ்வறிவித்தல் தடுத்தது. அவுஸ்திரேலியா வெளிநாட்டு மாணவருக்கென 2000 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றியதுடன், நிறுவனம் கற்கையை நடத்தத் தவறினால் மாற்றிடம் அல்லது பணமீளளிப்புக்கு வழி செய்யும் பாதுகாப்புச் சேவையை 2012 இல் ஏற்படுத்தியது.

நம் நாட்டில் பரிகாரமே இல்லையெனக் கூற முடியாது. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நீதியற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், ஒரு தரப்பு தயாரித்து மறுதரப்பின் மீது சுமத்தும் நியாயமற்ற விலக்கு நிபந்தனைகளைக் கட்டுப்படுத்துகின்றது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 'சேவை' என்பதற்கு விரிந்த பொருள் தருவதால், கட்டணம் பெற்று நடத்தப்படும் கற்கையும் அதனுள் அடங்குமென வாதிட இடமுண்டு. அச்சபைக்கான முறைப்பாடு எழுத்தில், மூன்று மாத காலத்துக்குள் செய்யப்பட வேண்டும் என்பதை மறக்கலாகாது. சிறுதொகைப் பிணக்குகளை 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையின் முன் சட்டத்தரணியின்றியே கொண்டு செல்லலாம். தொழிற்பயிற்சி நிறுவனமாயின் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிலும், பட்டம் வழங்குவதாயின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலும் அதன் தகுதியைச் சேர்வதற்கு முன்னரே விசாரித்தறியலாம்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. கட்டணத்தைப் பருவந்தோறும் செலுத்தலாமா? விலகினால், விலக்கப்பட்டால், கற்கை இரத்தானால் என மூன்று நிலைகளிலும் எவ்வளவு மீளக் கிடைக்கும்? குற்றஞ்சாட்டப்பட்டால் விளக்கமளிக்கவும் மேன்முறையீடு செய்யவும் வாய்ப்புண்டா? விதிகளின் தமிழ்ப் பிரதி கிடைக்குமா? பதில்களை எழுத்தில் பெற்று, பற்றுச்சீட்டுகளுடன் பாதுகாப்பது அவசியம். மூலச் சான்றிதழை எக்காரணம் கொண்டும் கையளித்துவிட்டு வரலாகாது.

திருச்சபை சார்ந்த நிறுவனங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விசாரித்தவரே தீர்ப்பும் வழங்காத சிறு குழுவொன்று, எச்சரிக்கை முதல் விலக்கல் வரையிலான படிமுறைத் தண்டனை, விலக்கப்பட்டவருக்கும் பயன்படுத்தப்படாத காலத்தின் கட்டணத்தை மீளளிக்கும் அட்டவணை, இவை அனைத்தும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட்ட ஒரு தாள். இவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் தோட்டத்து லயங்களுக்கு எழுத்தைக் கொண்டு சென்றவர்களின் வழிவந்தோர், அந்த லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அவர் கையொப்பமிடும் எழுத்தின் பொருளையும் சொல்லிக்கொடுப்பது அவர்களின் பணியின் ஒரு பகுதியே. தவறு செய்த மாணவரைத் திருத்துவதும், தேவையெனில் விலக்குவதும் நிறுவனத்தின் உரிமை. அவரது தாய் அடகு வைத்த நகையின் பெறுமதி அந்த உரிமைக்குள் அடங்காது.