ஃபாரடேயின் கனத்த கண்ணாடி
லண்டன், ராயல் இன்ஸ்டிடியூஷன், 1845

ஈயம் கலந்த இவ்வகைக் கண்ணாடியை மைக்கேல் ஃபாரடே 1820களில் தொலைநோக்கி வில்லைகளுக்காக உருக்கினார். வில்லை வேலை பெரிதாகப் பலிக்கவில்லை. கண்ணாடித் துண்டுகள் மிஞ்சின.

1845 செப்டம்பர் 13 அன்று அவற்றில் ஒன்றை வலிமையான மின்காந்தத்தின் முனைகளை ஒட்டி வைத்தார். விளக்கொளியைத் தளவிளைவுறச் செய்து, அதாவது அதன் அதிர்வுகளை ஒரே தளத்துக்குள் அடக்கி, கண்ணாடி வழியே அனுப்பினார். மறுபுறம், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நிகோல் பட்டகத்தை ஒளி முழுதும் மறையும்படி திருப்பி வைத்தார். இருட்டு. மின்னோட்டம் பாய்ந்ததும் விளக்கு தெரிந்தது, நின்றதும் மறைந்தது. காந்தப்புலம் ஒளியின் அதிர்வுத் தளத்தைச் சற்றே திருப்பியிருந்தது. ஒளியும் காந்தமும் உறவுள்ளவை என்பதற்குக் கிடைத்த முதல் சோதனைச் சான்று இது.

ஒரு விந்தை: அதே ஒளியை முகம் பார்க்கும் கண்ணாடியால் வந்த வழியே திருப்பி அனுப்பினால் அந்தத் திருப்பம் அவிழ்வதில்லை, இரட்டிப்பாகிறது. தான் உமிழ்ந்த ஒளியே லேசருக்குள் திரும்ப நுழையாமல் தடுக்கும் கருவிகள் இதை நம்பியே இயங்குகின்றன.

மின்புலத்தாலும் ஃபாரடே முயன்றார், எதுவும் தென்படவில்லை. விளைவு இருக்கத்தான் செய்தது, மிகச் சிறிதாக. 1875இல் கிளாஸ்கோவில் ஜான் கெர், கண்ணாடியில் துளையிட்டுக் கம்பிகளைச் செருகி, உயர் மின்னழுத்தம் கொடுத்து அதைக் கண்டார். அங்கே நடப்பது வேறு: புலத்தின் திசையில் அதிரும் ஒளிக்கும் குறுக்கே அதிரும் ஒளிக்கும் ஒளிவிலகல் எண் வேறுபடுகிறது. மின்புலத்தை இரட்டித்தால் அந்த வேறுபாடு நான்கு மடங்காகிறது.